மஞ்சள் கிரேப் தாள் இல்லாத ஊரில் ஒரு கொன்றைப் பூ

வணக்கம் உறவுகளே. பழைய கல்யாண அழைப்பிதழ்களில் உறை செய்து காட்டுவதாகப் போன காணொளியில் சொல்லியிருந்தேன். அது அடுத்த கிழமை. இன்றைக்கு இந்தச் சுருளைப் பற்றிக் கதைக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. கமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். நடுவில் அந்த முறிவு தெரிகிறதா? இது கிரேப் தாள், சுருக்கம் சுருக்கமாக இருக்கும், இழுத்தால் நீளும். இதில் கொன்றைப் பூ செய்யத்தான் வரவழைத்தேன். இத்தாலியில் செய்தது, சதுர மீற்றருக்கு 180 கிராம். 50 சென்ரிமீற்றர் அகலம், இரண்டரை மீற்றர் நீளம். விலை 2,350 ரூபாய். கொழும்பிலிருந்து அனுப்புவதற்கு 450 ரூபாய். ஆக, என்னுடைய 2,800 ரூபாயை இரண்டாக மடித்துக் கையில் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பொதியின் மேல் "மடிக்கக் கூடாது" என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. சிங்களத்தில் இருக்கிறது, தமிழில் இருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது. மடித்தவருக்கு நான்காவதாக ஏதோ ஒரு மொழிதான் தெரியும் போலிருக்கிறது. கொண்டுவந்த தம்பியிடம் கேட்டேன். "பையின் வாய் சின்னது அக்கா" என்றார். பதில் நியாயமாக இருப்பதால் கோபம் இன்னும் கூடுகிறது, யாரிடம் காட்டுவது?

என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதழே மூன்று சென்ரிமீற்றர்தானே, இந்த மடிப்பு அதை என்ன செய்யும்?" என்றார். அவருடைய குரலைப் பழைய காணொளிகளில் கேட்டிருப்பீர்கள், ஆளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கணக்கு சரிதான். ஆனால் கிரேப் தாளில் முறிவு விழுந்த இடத்தில் சுருக்கமெல்லாம் நசுங்கிவிடும். நசுங்கிய இடம் இழுத்தால் நீளாது. நீளாவிட்டால் இதழில் குழி விழாது. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் தேநீர் போடப் போய்விட்டார்.

திருகோணமலையில் கிரேப் தாளே கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். மெல்லிய வகை, சுருள் 120 ரூபாய். எந்த நிறமும் இருக்கிறது, மஞ்சளைத் தவிர. காரணம் பள்ளிக்கூடங்களின் இல்ல விளையாட்டுப் போட்டி. முதலாம் தவணை வந்துவிட்டால் இல்ல அலங்காரத்துக்கென்று சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் கட்டுக் கட்டாகப் போய்விடும். மற்ற நிறங்களைக் கடைக்காரர்கள் திரும்ப எடுத்து வைத்துவிட்டார்கள். மஞ்சளை மட்டும் ஏனோ ஒருவரும் எடுக்கவில்லை. பிரதான வீதியில் கேட்டேன், மத்திய வீதியில் கேட்டேன், என்.சி. வீதியிலும் கேட்டேன். ஒரு கடையில் "மஞ்சள் முடிந்துவிட்டது, செம்மஞ்சள் தரட்டுமா?" என்றார்கள். செம்மஞ்சளில் கொன்றைப் பூவா! இன்னொரு கடையில் வெசாக் கூடு கட்டுவதற்காக இறக்கிய டிஷு தாளை எடுத்துப் போட்டார்கள். நல்ல மஞ்சள்தான், மறுக்கமாட்டேன். ஆனால் டிஷு தாள் இழுபடாது, கிழியும். உள்ளே விளக்கு எரியும்போதுதான் அதற்கு அழகு.

ஏன் கொன்றை என்று சொல்லாமலே போய்க்கொண்டிருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் சித்திக்கு ஒரு ஸ்கிராப்புக் செய்கிறேன் அல்லவா, படங்களை ஒட்டி அலங்கரிக்கும் 12க்கு 12 அங்குல அல்பம், கறுப்புப் பக்கங்கள். அதில் இப்போது கோணேசர் கோவில் பக்கம் வந்திருக்கிறது. சித்தி வெளிநாடு போவதற்கு முன், அந்தக் கோவில் இருக்கும் சுவாமி மலையில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் படம். சிவன் கோவில் படத்துக்குப் பக்கத்தில் சிவனுக்கு உரிய கொன்றையை வைக்காமல் ரோசாவை ஒட்டுவார்களா? ஒட்டுகிறார்கள். ஒரு வட்டத்தைச் சுருள் சுருளாக வெட்டி, வெளியிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தால் ஒரு ரோசா வந்துவிடும். எந்தக் காணொளியைத் திறந்தாலும் அந்த ரோசாதான். கல்யாணப் பக்கத்திலும் அதே, பிள்ளையின் முதல் பிறந்தநாளிலும் அதே. எனக்கு அதைக் கண்டாலே சலிப்பு. அதைவிட, அது ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் எழும்பி நிற்கும், அல்பம் மூடாது.

இந்த மூடாத விடயத்தில் கொஞ்சம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிராப்புக்கில் வைக்கும் பூ பூச்சாடியில் வைக்கும் பூ இல்லை. அது படுத்திருக்க வேண்டிய பூ. இந்த அல்பம் அம்மாவோடு விமானம் ஏறப் போகிறது. சூட்கேசில் மிளகாய்த்தூளும் நெத்தலிக் கருவாடும் மேலேயும் கீழேயும் இருக்கும், நடுவில் இது. கருவாட்டின் பாரத்தைத் தாங்காத பூ எனக்கு வேண்டாம்.

மேரி டெலானி என்று ஓர் ஆங்கிலேய அம்மா இருந்தார். 1772 இல், தம்முடைய 72ஆவது வயதில், காகிதத்தை வெட்டிப் பூ ஒட்டத் தொடங்கினார். பார்வை மங்கும்வரை பத்து ஆண்டுகள் விடவில்லை, ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பூக்கள். இன்றைக்கும் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எல்லாம் கறுப்புப் பின்னணியில், தாளோடு தாளாக ஒட்டியவை. ஒரு மயிரிழை எழும்பவில்லை, ஆனால் பூ உயிரோடு இருக்கிறது, பூவின் நடுவில் இழை இழையாக நிற்கும் மகரந்தத் தாள்கள்கூடத் தனித்தனியாக வெட்டியவை. என் பக்கங்கள் ஏன் கறுப்பு என்று கேட்டு எழுதியவர்களுக்கு இதுதான் பதில், அந்த அம்மாவிடமிருந்து எடுத்தது.

இப்போது 2,800 ரூபாய்க்கு வருகிறேன். முறிவு ஒரு பக்கம் கிடக்கட்டும், இந்த 180 கிராம் தாள் சுவரில் மாட்டும் பெரிய பூக்களுக்குத்தான். ஐந்து இதழை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அடியில் முடிச்சு போட்டதுபோல் தடித்துவிடுகிறது. எனக்கு வேண்டியது இதைவிட மெல்லியது, கடையில் கிடைக்கும் 120 ரூபாய்த் தாளைவிடக் கொஞ்சம் உறுதியானது. ஜேர்மனியில் இப்படி ஒரு வகை செய்கிறார்கள். இரண்டு மெல்லிய கிரேப் தாள்களைச் சேர்த்து ஒட்டியது, பல நிறங்களில் முன்பக்கம் ஒரு சாயல், பின்பக்கம் இன்னொரு சாயல். இங்கே தேடிப் பயனில்லை.

ஆனால் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் மஞ்சள் இல்லத்துக்காரன். இல்ல வாசலில் கட்டிய வளைவிலிருந்து கழற்றிய தாள் ஒரு மூட்டை அவர்கள் வீட்டுக் கொட்டிலில் கிடந்திருக்கிறது. நான் வீதி வீதியாக அலைந்ததை அவனுடைய அம்மா பார்த்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை! "இது பழசு, உங்களுக்கு எதற்கு?" என்கிறார். பழசுதான் அக்கா எனக்கு வேண்டும். இதோ, கிட்டே காட்டுகிறேன். குண்டூசித் துளைகள் வரிசையாக இருக்கின்றன, அதைத் தவிர்த்து வெட்டிவிடலாம். வெயில் பட்ட தாள் வெளிறி எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டது. அடியில் மறைந்திருந்த தாள் அப்படியே கடும் மஞ்சள். வெளிறியதையும் வெளிறாததையும் சேர்த்து ஒட்டினேன். முன்பக்கம் கடும் மஞ்சள், பின்பக்கம் இளம் மஞ்சள். ஜேர்மன் தாள் என் மேசைக்கு வந்துவிட்டது, செலவு ஒரு பசைக்குச்சி. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், "நல்லது" என்றார். அவ்வளவுதான். நீங்களாவது கொஞ்சம் கை தட்டுங்கள்.

ஒட்டும் விதத்தைக் கவனியுங்கள். போத்தலில் வரும் வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூசாதீர்கள். ஈரம் பட்டதும் கிரேப் தாளின் சாயம் இறங்கும், சுருக்கம் விரிந்துபோகும். பசைக்குச்சியை லேசாக ஓட்டி, இரண்டு தாளின் சுருக்கக் கோடுகளும் ஒரே திசையில் வருமாறு வைத்து, உள்ளங்கையால் அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது. மேலே ஒரு தடித்த புத்தகத்தை வைத்துவிடுங்கள். ஐயோ, ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒட்டுவதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள், யன்னலையும் சாத்துங்கள். இப்போது கச்சான் காற்று. பசை சீக்கிரம் காய்வதற்கு நல்லது, தாளுக்குக் கால் முளைத்து முற்றத்துக்கு ஓடுவதற்கும் நல்லது.

இனிப் பூ. உண்மையான கொன்றை இதோ, வாசலில் விழுந்ததை எடுத்துவந்தேன். ஐந்து இதழ். ஐந்தும் ஒரே அளவு இல்லை, இதைக் கவனிக்காமல் ஒரே அச்சில் வெட்டினால் பிளாஸ்டிக் பூவின் முகம் வந்துவிடும். ஒவ்வோர் இதழிலும் அடியிலிருந்து நரம்பு கிளம்பிப் பிரிகிறது. நடுவில் பத்து மகரந்தத் தாள்கள். மூன்று நீளமாக வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, நான்கு குட்டை, மற்ற மூன்றும் மிகவும் சின்னவை. அந்த மூன்று வளைவுகள்தான் கொன்றையின் கையெழுத்து. அவை இல்லாவிட்டால் மஞ்சளில் ஏதோ ஒரு பூ.

இதழ் வெட்டும்போது சுருக்கக் கோடுகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் இதழைக் குழிக்க முடியாது, எத்தனை பேர் இதில் சிக்கிக்கொண்டு எனக்கு எழுதுகிறீர்கள்! வெட்டிய இதழின் நடுவில் இரண்டு பெருவிரலையும் வைத்து மெதுவாக இருபக்கமும் இழுங்கள். இப்படி. சுருக்கம் விரிந்து ஒரு சின்னக் குழி விழுகிறது பாருங்கள், விளிம்பு மட்டும் இறுக்கமாக நிற்கிறது. நிறுத்திவிடுங்கள். இதற்கு மேல் இழுத்தால் தாள் களைத்துவிடும். விளிம்பை ஈர்க்கில் ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள். நரம்புக்குக் கத்தரிக்கோலின் முதுகால் கீறல் போதும்.

மகரந்தத் தாளுக்கு நூல் வேண்டாம், கம்பி வேண்டவே வேண்டாம். கம்பி எதிர்ப் பக்கத்தில் இருக்கும் படத்தைக் குத்திவிடும். அரைச் சென்ரிமீற்றர் அகலத்தில் கிரேப் துண்டு வெட்டி, விரல்களுக்கு இடையில் முறுக்குங்கள். கோவில் திரி முறுக்கிய கை என்றால் உடனே வரும். நுனியைக் கொஞ்சம் முறுக்காமல் விட்டு மடித்துவிட்டால் அதுவே மகரந்தப் பை.

ஐந்து இதழையும் வட்டமாக நிறுத்த வேண்டாம். பூவைப் பக்கவாட்டில் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று இதழ் முழுதாகத் தெரியும், இரண்டு பின்னால் பாதி மறைந்திருக்கும். மறைந்த பாதியை வெட்டி எறிந்துவிடுங்கள். யாரும் பார்க்கப் போவதில்லை, தடிப்புப் பாதியாகக் குறையும். அடியில் பிரிஸ்டல் மட்டை என்ற தடித்த காகிதத்தில் வெட்டிய ஒரு பொட்டு, அதில்தான் எல்லாம் ஒட்டும். கொன்றை தனிப் பூவாக நிற்பதில்லை, சரமாகத் தொங்குவது. அதனால் மேலே விரிந்த பூக்கள், கீழே போகப் போக உருண்டை மொட்டுகள். மொட்டுக்குக் கிரேப்பைச் சின்னதாக உருட்டி, விரலால் தட்டையாக்கிவிடுங்கள்.

சூட்டுப் பசைத் துப்பாக்கியைக் கேட்டு எழுதுகிறவர்களே, என் மேசையில் அதற்கு இடம் இல்லை. குமிழ் குமிழாக எழும்பும், சிலந்தி நூல் விடும், விரலையும் சுடும். வெள்ளைப் பசையைப் பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு வையுங்கள். எழுத்தாளர் மார்க் ட்வைன் இருக்கிறாரே, அவர் 1873 இல் ஸ்கிராப்புக் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியவர். பக்கத்திலேயே பசை பூசியிருக்கும், ஈரப்படுத்தி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். இந்த ஈரக் காற்று ஊரில் அந்தப் புத்தகம் வாடைக் காலத்தில் தானாகவே மூடி ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

படத்தின் மேல் பூ படக் கூடாது. கிரேப்பின் சாயம் ஈரக்கசிவில் இறங்கும் என்று சொன்னேன், சித்தியின் முகத்தில் மஞ்சள் பூசியதாகிவிடும். சரத்தைப் படத்தின் ஓரத்துக்கு வெளியே தொங்கவிட்டு, மேலே ஒரு மெல்லிய எண்ணெய்த்தாளை வைத்து மூடுகிறேன். அந்தத் தாளாகப் பத்திரிகைத் துண்டை வைக்காதீர்கள். பத்திரிகைத் தாளில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும், அது பழுப்பாகிப் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

மானை விசாரித்தவர்களுக்கு: கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் இருக்கும் கோட்டை வாசலில் வைத்துப் படம் பிடித்தபோது மாதிரிப் பக்கத்தின் மூலையைக் கடித்துக்கொண்டு போன அந்த மான், அதே இடத்தில்தான் நிற்கிறது, என்னைக் கண்டதும் பையைப் பார்க்கிறது. தயவுசெய்து யாரும் அங்கே நிற்கும் மான்களுக்குக் காகிதமோ பொலித்தீன் பையில் இருப்பதையோ கொடுக்காதீர்கள். இனிமேல் வெளியில் படம் பிடிப்பதாக இல்லை.

முறிந்த சுருளைத் திருப்பி எடுக்கிறார்களா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். "படம் அனுப்புங்கள்" என்றார்கள். பன்னிரண்டு கோணத்தில் அனுப்பியிருக்கிறேன், அளவுகோலையும் பக்கத்தில் வைத்து. பார்ப்போம்.

இதழின் மூன்று அளவுகளும் மொட்டின் அளவும் கீழே விளக்கத்தில் இருக்கும் கோப்பில் இருக்கின்றன. அச்சிடும்போது பக்கத்துக்குப் பொருத்தும் தெரிவை எடுத்துவிட்டு, நூறு வீதத்தில் அச்சிடுங்கள். இல்லாவிட்டால் பெரிய இதழ் நான்கரைச் சென்ரிமீற்றருக்குப் போய்விடும், பிறகு அல்பம் மூடவில்லை என்று எனக்குத்தான் எழுதுவீர்கள்.