இருபது வருடக் கணக்கு

வணக்கம். நாளைக்கு மழை என்று ரேடியோவில் சொன்னால், குடையோடு போகிற நீங்களே சாயந்திரம் மதிப்பெண் போட்டுவிடலாம். ஆனால் 'இந்த மருந்து 20 வருடத்தில் போட்ட பணத்துக்கு இவ்வளவு பயன் தரும்' என்று ஒருவர் கணினியில் மாடல், அதாவது வரப்போவதை ஊகிக்கிற கணக்கு, போட்டுச் சொன்னால், யார் போய்ப் பார்ப்பது? பல வருடமாக நான் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான், வீட்டில்கூட சலித்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் நைஸ் என்று ஓர் அமைப்பு, 1999-இல் வந்தது. எந்த மருந்துக்கு அரசு பணம் தரலாம் என்று சொல்லும். அதன் அளவுகோல் குவாலி. முழு ஆரோக்கியத்தோடு ஒரு வருடம் என்றால் ஒரு குவாலி, பாதி ஆரோக்கியத்தோடு இரண்டு வருடம் என்றாலும் ஒன்றுதான். (அந்தப் பாதியை அளந்தது யார் என்று கேட்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.)

2002-இல், மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கி நடையையே கெடுக்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கான பீட்டா இன்டர்ஃபெரான் ஊசி கட்டுப்படியாகாது என்றது நைஸ். அரசு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: மருந்தைக் கொடுப்போம், ஐயாயிரம் பேருக்கு மேல் பின்தொடர்ந்து பார்ப்போம், மாடல் சொன்ன பலன் இல்லையென்றால் கம்பெனிகள் விலையைக் குறைக்க வேண்டும். இலக்கு, ஒரு குவாலிக்கு ஆகிற செலவு 36,000 பவுண்டு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருவழியாக யாரோ போய்ப் பார்க்கப் போகிறார்கள்!

2009-இல் முதல் இரண்டு வருட முடிவு வந்தது. ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிட மோசம், கணக்குப்படி. கவனியுங்கள், கணக்குப்படி. போடாதவர்கள் என்று எதிரில் நிறுத்தியது கனடாவில் லண்டன் என்ற ஊரின் பழைய நோயாளிப் பதிவேட்டை. அதில் ஒருவர் கோல் ஊன்றிவிட்டு, அப்புறம் கோல் இல்லாமல் நடந்தால், அந்தத் தேற்றம் கணக்கில் ஏறாது. நோயோ ஏறி இறங்குகிற நோய். விலை குறைந்ததா? இல்லை, முடிவு சொல்ல இன்னும் காலம் வரவில்லை என்றார்கள். அப்புறம் பதிவேட்டை மாற்றினார்கள், இதுவும் கனடாதான், பிரிட்டிஷ் கொலம்பியா. 2015-இல் ஆறு வருட முடிவு: மருந்து வேலை செய்கிறது! ஊசி என்னவோ அதேதான். வருடமும் கூடியிருந்தது, ஒப்பிட்ட ஆட்களும் மாறியிருந்தார்கள், இரண்டில் எது தீர்ப்பை மாற்றியது என்று பிரிக்கத் தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள்.

மாடலே கூடாது என்று சொல்லவில்லை. பணம் அளவாக இருக்கும்போது ஏதோ ஒரு கணக்கு வேண்டும். ஆனால் அதை விஞ்ஞானம் என்று சொல்வதானால், போய்ப் பார்த்தீர்களா?

சர்க்கரை நோய்க்கு மாடல் செய்கிறவர்கள் 2000-இல் அமெரிக்காவில் மவுன்ட் ஹூட் மலையில் கூடி, ஒரே நோயாளிகளை ஆளுக்கொரு மாடலில் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள், விடைகள் எங்கே ஒத்துப்போகவில்லை என்று அவர்களே அச்சில் போடுகிறார்கள். உண்மையில் இதை விரிவாகச் சொல்லத்தான் வந்தேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாயிற்று என்று கையைக் காட்டுகிறார்கள். வணக்கம்.