இறைச்சிக் கம்பியால் திறந்த சுவர்

(திரையில்: நியூயார்க், மேற்கு 52ஆவது தெரு, கறுப்பு வெள்ளைப் படம்)

21ஆம் எண் கட்டடம். அமெரிக்காவில் மதுவிலக்கும் ஜாஸ் இசையும் கைகோத்து ஓடிய காலத்தில் இது ஒரு ரகசிய பார். அடித்தளத்துக்கு இறங்கிப் போனால் ஒரு செங்கல் சுவர். பார்த்தால் வெறும் சுவர்தான். அதில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். இறைச்சி சுடுகிற நீளக் கம்பி ஒன்றை அதற்குள் விட்டால் சுவரே கதவாகத் திறக்கும். எடை சுமார் இரண்டரை டன். உள்ளே அடுக்கடுக்காக ஒயின் பாட்டில்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த குறும்பு வேறு. கிடங்கு இருந்தது பக்கத்து 19ஆம் எண் வீட்டுக்கு அடியில்! சோதனைக்கு வந்தவர்கள் ‘இந்தக் கட்டடத்தில் சரக்கு இருக்கிறதா?’ என்று கேட்டால், பொய் சொல்லாமலே ‘இல்லை’ என்று சொல்லிவிடலாம். மேலே பாரிலும் ஒரு ஏற்பாடு. ஆபத்து என்றால் அலமாரி சாயும், பாட்டில்கள் சரிவுப் பாதை வழியாகக் கீழே விழுந்து நொறுங்கிவிடும்.

(திரையில்: பீப்பாய்களை உடைத்துச் சாக்கடையில் ஊற்றும் அதிகாரிகள்)

ஒரு கிளாஸ் ஒயினுக்கு ஏன் இத்தனை பாடு? 1920 ஜனவரி 17 முதல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம். சலூன்களை ஒழிக்க வேண்டும் என்று தேவாலயங்களும் பெண்கள் அமைப்புகளும் பல பத்தாண்டுகளாகப் போராடியதன் பலன் அது. சலூன் என்றதும் முடிவெட்டும் கடையை நினைக்காதீர்கள், அங்கே அது மதுக்கடை. முதல் உலகப் போரில் ஜெர்மனி எதிரியானதும் பீர் ஆலைக்காரர்களில் பெரும்பாலோர் ஜெர்மானிய வம்சாவளி என்பது வேறு சேர்ந்துகொண்டது. 1913இல் வருமான வரி வந்துவிட்டதால், சாராய வரி இல்லாமலும் அரசை ஓட்டலாம் என்ற தைரியமும் இருந்தது.

சட்டத்தைக் கவனமாகப் படித்தால் ஒன்று தெரியும். தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, கொண்டுபோகக் கூடாது. குடிக்கக் கூடாது என்று மட்டும் அதில் இல்லை. அதனால் கையில் காசு இருந்தவர்கள் சட்டம் அமலுக்கு வருமுன்பே வாங்கி வீட்டில் அடுக்கிக்கொண்டார்கள்.

மற்றவர்களுக்கும் சந்துகள் கிடைத்தன. திராட்சைச் சாற்றைக் கெட்டியாக்கிச் செங்கல் மாதிரி விற்றார்கள். கூடவே ஓர் எச்சரிக்கை: ‘இதைத் தண்ணீரில் கரைத்து இருபது நாள் அலமாரியில் வைத்துவிடாதீர்கள், ஒயினாகிவிடும்.’ எச்சரிக்கையா, செய்முறையா, நீங்களே சொல்லுங்கள். மருந்துச் சீட்டு இருந்தால் மருந்துக்கடையிலேயே விஸ்கி கிடைத்தது.

வின்ஸ்டன் சர்ச்சில் 1931 டிசம்பரில் நியூயார்க்கில் சாலையைக் கடக்கும்போது, இங்கிலாந்துப் பழக்கத்தில் தப்பான பக்கம் பார்த்து, கார் மோதி அடிபட்டார். அவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்றும் இருக்கிறது. உடல் தேற மது அவசியம், குறிப்பாகச் சாப்பாட்டு வேளையில். அளவு இவ்வளவுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் குறைந்தபட்சம் 250 மில்லி. அதிகபட்சம்? சீட்டில் இல்லை!

சரி, சட்டம் போட்டவர்கள்? ஜார்ஜ் கேசிடி என்ற முன்னாள் ராணுவ வீரர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கே சரக்கு சப்ளை செய்துவந்தார். அவர்களுடைய அலுவலகக் கட்டடத்திலேயே அவருக்கு ஓர் அறை. 1925இல் பிடிபட்டபோது பச்சைத் தொப்பி போட்டிருந்ததால் ‘பச்சைத் தொப்பிக்காரர்’ என்றே பெயர் வந்துவிட்டது. அந்தக் கட்டடத்துக்குள் நுழையத் தடை விதித்தார்கள். மனிதர் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் கட்டடத்துக்குக் கடையை மாற்றிக்கொண்டார்.

(திரையில்: மருத்துவமனை வாசல். பின்னணி இசை நிற்கிறது)

இதுவரை சிரிப்புக் கதை. சர்ச்சிலின் மருத்துவரோ 52ஆவது தெருவின் ரகசியக் கதவோ கிடைக்காத ஏழைகள் என்ன குடித்தார்கள்? தொழிற்சாலைச் சாராயம். அதை யாரும் குடித்துவிடக் கூடாது என்று அதில் விஷம் கலப்பது ஏற்கெனவே வழக்கம். கும்பல்கள் அதைத் திருடி, மறுபடி காய்ச்சி விற்றன. அரசு என்ன செய்தது தெரியுமா? 1927இல் மெத்தனால் அளவைக் கூட்டியது. மெத்தனால் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கண் போகும், உயிர் போகும். நியூயார்க் நகரின் தலைமைப் பிரேதப் பரிசோதனை மருத்துவர் சார்லஸ் நாரிஸ், இந்தச் சாவுகளுக்கு அரசுக்குத் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று வெளிப்படையாகவே சொன்னார். சட்டம் அசையவில்லை.

அது அசைந்தது பணத்தால். 1929இல் பங்குச்சந்தை சரிந்து வேலையின்மை பெருகியபோது, சாராய வரியின் அருமை தெரிந்தது. 1933 டிசம்பர் 5 அன்று மதுவிலக்கு ரத்து.

(திரையில்: நியூயார்க்கில் கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதி, லெனாக்ஸ் அவென்யூ, இரவு)

ஆரம்பத்தில் சொன்ன ஜாஸ் எங்கே என்று கேட்பீர்கள். இந்தக் கள்ள பார்களில்தான். பழைய சலூன் பெரும்பாலும் ஆண்களின் இடம். ரகசிய பாருக்கு, தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண்களும் வந்தார்கள். ஆட்டம் வேண்டும், ஆட்டத்துக்கு ஒரு பேண்டு வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் இன அடக்குமுறையை விட்டு வடக்கே வந்துகொண்டிருந்த கறுப்பினக் கலைஞர்களுக்கு வேலை கிடைத்தது.

ஹார்லெமில் 142ஆவது தெரு முனையில் இருந்த காட்டன் கிளப் அதில் பெரிய பெயர். ஓனி மேடன் என்ற கும்பல் தலைவர் சிறையில் இருந்தபடியே கையகப்படுத்திய இடம் அது. அவருடைய பீர் அங்கே ஓடியது. 1927 டிசம்பரில் ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் குழு அங்கே வாசிக்கத் தொடங்கியது. மேடையில் வாசித்தவர்கள், ஆடியவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். மேசைகளில் உட்கார்ந்திருந்தது வெள்ளையர்கள். அதுதான் கிளப்பின் விதி. மதுத் தடைச் சட்டத்தை ஊரே மீறியபோதும் இந்த விதியைக் காவல் காக்க வாசலில் ஆள் நின்றான்.

அங்கிருந்து வானொலியில் நேரடி ஒலிபரப்பு போனது. நாடு முழுக்க எலிங்டனைக் கேட்டது. கிளப்புக்குப் பக்கத்துக் கட்டடத்தில் குடியிருந்த கறுப்பினக் குடும்பமும் கேட்கலாம், வீட்டுக்குள் உட்கார்ந்து ரேடியோவைத் திருப்பினால்.