தடுப்பதா, தண்டம் வசூலிப்பதா? – பாலாற்றிலிருந்து தொடங்கும் நடப்பு நிகழ்வுகள்

(குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

சட்டம், ஆட்சி முறை, சுற்றுச்சூழல் மூன்றிலும் நடப்பு நிகழ்வுகளைத் தொட்டுப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்றையும் தனித்தனியாகத் தொட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பட்டியல்தான் மிஞ்சும். பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது; அடிக்கோடு போட்டு, வண்ணம் தீட்டி, ஒட்டுத்தாள் செருகி வைத்திருப்பீர்கள். அதனால் நான் ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன். பாலாறு.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் குறித்து ஒரு தீர்ப்பு வழங்கியது. நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன். பாதிக்கப்பட்டவர்களுக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட வேண்டும், பிறகு அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்க வேண்டும். வழக்கை இத்துடன் முடித்துவிடாமல் நீதிமன்றம் தொடர்ந்து கண்காணிக்கும். உங்கள் குறிப்பேட்டில் இதற்கு நான்கு வரி ஒதுக்கியிருப்பீர்கள். தேதி இருக்கும், நீதிபதிகள் பெயர் இருக்கும், ‘மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கோட்பாடும் இருக்கும். இருக்க வேண்டிய ஒரு கேள்வி மட்டும் இருக்காது: இந்த இழப்பீடு எப்போது கொடுத்திருக்க வேண்டியது?

அதற்கு 1996க்குப் போக வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் இந்திய அரசுக்கு எதிராகத் தொடுத்த பொதுநல வழக்கு 1991ஆம் ஆண்டினுடையது. தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்டு 28. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று அந்தப் பகுதியை அறிந்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. தோல் ஆலைக் கழிவு ஆற்றிலும் வயலிலும் கிணற்றிலும் இறங்கியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்ற ஆய்வு முடிவு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் அன்றிருந்த தோல் ஆலைகள் 900க்கும் மேல். தோல் ஏற்றுமதி அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது, பலருக்கு வேலை தருகிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. அதற்காக நிலத்தையும் நீரையும் அழிக்க உரிமை கிடையாது என்றது.

அந்தத் தீர்ப்பு இரண்டு கோட்பாடுகளை இந்த நாட்டின் சட்டத்தின் பகுதியாகவே அறிவித்தது. ஒன்று, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு: கேடு வரும் என்று அறிவியல் முழுமையாக நிரூபிக்கும்வரை காத்திருக்கக் கூடாது, கேடு இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பும் தொழில் நடத்துபவருடையது. மற்றொன்று, மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்பது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் அதில் அடக்கம். இந்த இரண்டையும் அரசமைப்பின் 21, 47, 48அ, 51அ(எ) ஆகிய கூறுகளோடு நீதிமன்றம் இணைத்தது. இங்கே தேர்வுக்காக ஒரு சிறு எச்சரிக்கை. இரண்டாவது கோட்பாடு முதன்முதலில் வேலூர் வழக்கில்தான் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். அதே 1996 பிப்ரவரியில், ராஜஸ்தானின் பிச்ரி கிராம இரசாயன ஆலைகள் வழக்கிலேயே அது வந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நிறுத்தியது வேலூர்.

சரி, கோட்பாடு வந்தது. நடைமுறை? சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 3(3)இன்படி ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னார்கள்; அமைத்தார்கள். ஆணையம் பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுத்து இழப்பீட்டை நிர்ணயித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு வந்தது. பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. இவ்வளவும் வந்த பிறகுதான், 28 ஆண்டுகள் கழித்து, அதே ஆற்றுக்காக அதே உச்ச நீதிமன்றம் ‘இழப்பீட்டைக் கொடுங்கள், கழிவை நிறுத்துங்கள்’ என்று சொல்ல நேர்ந்தது. இரண்டாம் தாளில் ஆட்சி முறை என்றும், மூன்றாம் தாளில் சுற்றுச்சூழல் என்றும் நீங்கள் பிரித்து வைத்துப் படிக்கிறீர்களே, அந்தக் கோடு பாலாற்றில் எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, 2025 வழக்கின் தலைப்பைப் படித்துப் பாருங்கள். முதல் எதிர்மனுதாரர் மாவட்ட ஆட்சியர். நீங்கள் ஆசைப்பட்டுப் படிக்கும் பதவிதான்.

இந்த அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அண்மையில் சட்டங்கள் போகும் திசையைப் பாருங்கள்.

2023இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்தது. பல சட்டங்களில் இருந்த சிறைத் தண்டனையை நீக்கி அபராதமாக மாற்றிய சட்டம் அது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986, காற்றுச் சட்டம் 1981 இரண்டும் அதில் அடக்கம். முன்பு சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. இப்போது 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம். அதை விதிப்பவர் நீதிபதி அல்லர், தீர்வு அலுவலராக நியமிக்கப்படும் அரசு அதிகாரி. அபராதத்தைக் கட்டத் தவறினால்தான் சிறைப் பேச்சு வருகிறது. இதை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. பழைய சிறைத் தண்டனை ஏட்டில் இருந்ததே தவிர, எத்தனை முதலாளிகள் உள்ளே போனார்கள்? குற்றவியல் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அபராதமாவது விரைவில் கைக்கு வரும் என்பது அரசுத் தரப்பு நியாயம். என் ஐயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பெரிய ஆலைக்கு 15 லட்சம் ரூபாய் என்பது தண்டனையா, செலவுக் கணக்கில் இன்னொரு வரியா?

நீர்ச் சட்டம் 1974க்கும் இதே திருத்தம் 2024இல் வந்தது. ஆனால் அது வந்த வழி வேறு. முதல்நிலைத் தேர்வில் கேட்கத் தகுந்த இடம் இதுதான். நீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். ஆகவே 252ஆவது கூறின்படி மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டால்தான் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற முடியும். திருத்தவும் அதே வழிதான். எனவே 2024 திருத்தம் முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தியது. மற்ற மாநிலங்கள் சட்டப்பேரவையில் தீர்மானம் போட்டு ஏற்றால் அங்கும் வரும். காற்றுச் சட்டத்துக்கும் சுற்றுச்சூழல் சட்டத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டு முடிவுகளை நிறைவேற்றுகிறோம் என்று சொல்லி 253ஆவது கூறின்கீழ் நேரடியாக இயற்றப்பட்டவை அவை.

2025 ஆகஸ்டு 4 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொன்றைச் சொன்னது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே இழப்பீட்டுத் தொகையை விதிக்கலாம். நீர்ச் சட்டத்தின் 33அ, காற்றுச் சட்டத்தின் 31அ பிரிவுகளில் அந்த அதிகாரம் இருக்கிறது என்றது. டெல்லி வாரியத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியிருந்ததை இந்தத் தீர்ப்பு மாற்றியது. இது தண்டனை அன்று, ஈடுசெய்தல் என்பதையும், உரிய விதிகளை வகுத்த பிறகே வாரியங்கள் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வாரியங்களுக்குக் கை நீண்டது நல்லது. ஆனால் மூன்று செய்திகளிலும் ஒரே காற்று அடிப்பதைக் கவனியுங்கள்: எல்லாம் பணத்தை நோக்கிப் போகின்றன.

இப்போது 2025 நவம்பர் 18க்கு வருவோம். இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி, பெரிய திட்டம் எதற்கும் பணி தொடங்குவதற்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும். வாங்காமல் கட்டிவிட்டு வந்தவர்களுக்கு, அபராதம் கட்டிப் பின்னேற்பு அனுமதி பெற ஒரு வாசலை 2017 அறிவிக்கையும் 2021 அலுவலகக் குறிப்பாணையும் திறந்துவிட்டன. வனசக்தி அமைப்பு தொடுத்த வழக்கில் 2025 மே 16 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் இருவரும் அந்த வாசலை அடைத்தார்கள். முன்னதாகக் கொடுத்த அனுமதிகளைத் தொடவில்லை, இனிமேல் கிடையாது என்றார்கள். ஆறு மாதம் ஆனதுமே, நவம்பர் 18 அன்று, மூன்று நீதிபதிகள் அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி கே. வினோத் சந்திரன் ஒரு பக்கம். விதிவிலக்கான நிலைகளில் பின்னேற்பு அனுமதியை ஏற்ற முந்தைய தீர்ப்புகளை மே மாத அமர்வு கணக்கில் எடுக்கவில்லை என்பது ஒரு காரணம். பொதுப் பணத்தில் கட்டிய, ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் மதிப்புள்ள திட்டங்களை இடிக்க நேரும் என்பது இன்னொன்று. மே மாதத் தீர்ப்பில் இருந்த உஜ்ஜல் புயான் மறுபக்கம் தனியே நின்றார்.

அவருடைய மாறுபட்ட தீர்ப்பின் சாரம் நமக்கு முன்பே அறிமுகமானதுதான். முன்னெச்சரிக்கைதான் அடித்தளம், கெடுத்த பிறகு பணம் கட்டுவதைக் காட்டி அதைக் கைவிட முடியாது என்கிறார். 1996இல் வேலூர் வழக்கு பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய இரண்டு கோட்பாடுகள், 2025 நவம்பரில் எதிரெதிரே நின்றன. கட்டிய மருத்துவமனையை இடிப்பதில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. பெரும்பான்மைத் தீர்ப்பின் கவலை போலியானதன்று. ஆனாலும் என் சாய்வை மறைக்கப் போவதில்லை, நான் புயான் பக்கம். காரணம் பாலாறு. அங்கே ‘பணம் கட்டினால் சரி’ என்ற ஏற்பாட்டுக்கு முழுதாக ஒரு தலைமுறைக் காலம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது.

இன்னொரு செய்தியையும் இதே நோக்கில் விரைவாகப் பார்த்துவிடலாம். ஆரவல்லி மலை விவகாரத்தில், சுற்றுப்புற நிலமட்டத்திலிருந்து 100 மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்தால்தான் ஆரவல்லிக் குன்று என்ற வரையறையை உச்ச நீதிமன்றம் நவம்பர் 20 அன்று ஏற்றது. டிசம்பர் 29 அன்று அதே நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. நவம்பரோடு குறிப்பேட்டை மூடியவர் தவறான விடையைத்தான் தேர்ந்தெடுப்பார். தவறான விடைக்காக அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கும் கழியும்.

அதே நவம்பர் 20இல்தான் ஆளுநர் விவகாரமும். ஏப்ரல் 8 அன்று, ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த தமிழ்நாட்டின் 10 சட்ட முன்வடிவுகளுக்கு, முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் 142ஆவது கூறைக் கொண்டு ஒப்புதல் கிடைத்ததாகவே இரு நீதிபதிகள் அமர்வு அறிவித்தது, காலக்கெடுவும் வைத்தது. குடியரசுத் தலைவர், நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வழிசெய்யும் 143ஆவது கூறின்கீழ் 14 கேள்விகளை அனுப்பினார். ஐந்து நீதிபதிகள் அமர்வு, காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்று கருத்துரைத்தது. காரணமின்றி நீண்டகாலம் முன்வடிவைக் கிடப்பில் போட்டால் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாம் என்றும் சொன்னது. இது ஏப்ரல் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு அன்று, கருத்துரை. இந்த வேறுபாட்டை எழுதுகிறவர்கள் குறைவு என்பதால், எழுதுகிற உங்களுக்கு மதிப்பெண் கூடும்.

வீட்டுக்குப் போனதும் 250 சொற்களில் ஒரு விடை எழுதிப் பாருங்கள். கேள்வி இது: ‘மாசுபடுத்துபவரே செலவை ஏற்பது முன்னெச்சரிக்கைக்கு மாற்றாகுமா? அண்மைக்காலச் சட்டத் திருத்தங்களையும் தீர்ப்புகளையும் கொண்டு ஆராய்க.’ எழுதும்போது 1996 தீர்ப்பையும் 2025 ஜனவரித் தீர்ப்பையும் ஒரே பத்தியில் வையுங்கள். நடுவில் நடந்தவற்றுக்கு அடுத்த பத்தியைக் கொடுங்கள். புயான் சொன்னதை மட்டும் எழுதாமல், பெரும்பான்மையின் இரண்டு காரணங்களையும் எழுதிவிட்டு அவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். நீர்ச் சட்டத் திருத்தம் இப்போது எந்தெந்த மாநிலங்களில் நடைமுறையில் இருக்கிறது என்பதை எழுத உட்காருவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்; அது மாறிக்கொண்டே இருக்கும் பட்டியல். எழுதியதை அடுத்த வாரம் கொண்டுவந்தால் நான் படித்துத் திருத்தித் தருகிறேன்.