விலகியவரின் பெயரை என்ன செய்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

சங்கமோ மன்றமோ, உறுப்பினர் ஒருவர் விலகல் கடிதம் கொடுத்ததும் அவர் பெயரை என்ன செய்வது என்ற கேள்வி செயலாளரிடம் வந்து சேரும். பல இடங்களில் கணினியைத் திறந்து உறுப்பினர் பதிவேட்டில் அவர் பெயர் உள்ள வரியையே அழித்துவிடுகிறார்கள். மற்ற இடங்களில் எதையும் தொடாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே பின்னால் தொல்லை தரும்.

அழித்தால் கணக்கு உதைக்கும். சந்தா ரசீதில் உறுப்பினர் எண் 57 என்று இருக்கும், பதிவேட்டில் 57 இருக்காது. அந்தப் பணம் யாருடையது என்று தணிக்கையாளர் கேட்டால் பதில் கிடையாது. பழைய தேர்தல் ஒன்றைப் பற்றித் தகராறு வந்தால், வாக்களித்தவர் அன்று உறுப்பினராக இருந்தாரா என்று காட்டவும் முடியாது.

அழிக்காமல் விட்டால் கூட்டம் நின்றுபோகும். பதிவேட்டில் 120 பேர், கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வர வேண்டியவர் எண்ணிக்கை, மூன்றில் ஒரு பங்கு என்று வையுங்கள். 40 பேர் வர வேண்டும். அந்த 120 பேரில் 30 பேர் எப்போதோ விலகியவர்கள் என்றால், உண்மையான எண்ணிக்கை 90, கோரம் 30தான். 35 பேர் வந்து உட்கார்ந்திருக்கும் முறையான கூட்டத்தைக் கோரம் இல்லை என்று ஒத்திவைத்துவிடுவார்கள்.

ஆகவே வரியை அழிக்காதீர்கள், முடித்துவையுங்கள். விலகிய தேதி, விலகிய விதம், தீர்மான எண், பதிந்தவர் கையொப்பம் ஆகியவற்றுக்குப் பதிவேட்டில் இடம் வேண்டும். காகிதப் பதிவேடு என்றால் பெயரின் மேல் ஒற்றைக் கோடு போதும், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். வெள்ளை மை பூசவே கூடாது. அந்த உறுப்பினர் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் பழைய ரசீதுகள் எல்லாம் புதியவர் கணக்கில் போய் ஒட்டிக்கொள்ளும்.

தேதியில்தான் அதிகக் குழப்பம். கடிதத்தில் எழுதிய தேதி, கடிதம் கைக்கு வந்த தேதி, குழு ஏற்ற தேதி என்று மூன்று இருக்கும். எது செல்லும் என்பதை அமைப்பின் விதிகள் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் மூன்றையும் குறித்து வையுங்கள். இடைப்பட்ட நாட்களின் சந்தாவும் வாக்கும் அதைப் பொறுத்தவை.

விலகிய விதத்தை எழுதும்போது சொல் அளந்து எழுதுங்கள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர் என்றால் பதிவேட்டில் 'நீக்கம், தீர்மானம் எண் இன்னது' என்பது போதும். குற்றச்சாட்டும் விசாரணையும் தனிக் கோப்பில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். பதிவேட்டைப் பலரும் புரட்டுவார்கள். சந்தா கட்டாமல் நின்றுபோனவர்களைச் சத்தமில்லாமல் எடுத்துவிடும் வழக்கம் எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. நினைவூட்டல், எழுத்தில் அறிவிப்பு, பிறகு தீர்மானம் என்ற வரிசையில் போக வேண்டும். பறிபோவது ஒருவருடைய வாக்குரிமை.

இனி அந்தரங்கத் தகவல்கள். பெயர், எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பணக் கணக்கு ஆகியவை அமைப்பின் வரலாறு. கூட்டக் குறிப்பேட்டில் உள்ள பெயரையும் திருத்தக் கூடாது. தொலைபேசி எண், முகவரி, புகைப்படம், வங்கி விவரம், அடையாள அட்டை நகல் ஆகியவை அந்த மனிதருடையவை. பாக்கி தீர்ந்து, தணிக்கை முடிந்து, சட்டம் சொல்லும் காலமும் கடந்தபின் அவற்றை வைத்திருக்க நியாயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 17ஆம் பிரிவு, தன் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. சட்டப்படி வைத்திருக்க வேண்டியவற்றுக்கு அதிலேயே விலக்கும் உண்டு.

அழித்துவிட்டோம் என்று நினைத்தாலும் நகல்கள் எங்கெங்கோ இருக்கும். பொருளாளரின் மடிக்கணினி, விழாவுக்கு அச்சிட்ட பட்டியல், செய்திக் குழு, போன ஆண்டின் காப்புப் பிரதி என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். கணினி பழுதாகிக் காப்புப் பிரதியிலிருந்து மீட்டால், அழித்த விவரங்களும் கூடவே திரும்பி வரும். அதனால் விவரம் அழிக்கப்பட்டவர்களின் உறுப்பினர் எண்களை மட்டும் தனித்தாளில் எழுதி வைத்து, மீட்டவுடன் ஒப்பிட்டு மறுபடி நீக்குங்கள்.

விலகுபவர் பொறுப்பில் இருந்தவர் என்றால் வேலை கூடும். பொதுக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. அதை மீட்க உதவும் தொலைபேசி எண் அவருடையதாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அவர் பெயரில் உள்ள கோப்புகளை வேறொருவருக்கு மாற்றிய பிறகே அவர் கணக்கை மூடுங்கள், இல்லாவிட்டால் கோப்புகளும் போய்விடலாம். காசோலைக்கு இரண்டு கையொப்பம் தேவை என்றால், புதியவரை நியமிக்கும் தீர்மானத்தையும் பழையவரை நீக்கும் தீர்மானத்தையும் ஒரே கூட்டத்தில் நிறைவேற்றி வங்கிக்குச் சேர்த்தே அனுப்புங்கள். இடைவெளி விழுந்தால் பணம் முடங்கும்.

எல்லாம் முடிந்ததும் விலகியவருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். விலகல் நடைமுறைக்கு வந்த தேதி, பாக்கி அல்லது திருப்பித் தரும் தொகை, எந்த விவரம் எதுவரை வைக்கப்படும் என்பவை அதில் இருக்கட்டும். நீங்கள் எதிலிருந்தாவது விலகி, அப்படி ஒரு கடிதம் வரவில்லை என்றால், எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.