தாலி கட்டுவதற்குள் பெண் ஏன் இடம் மாறினாள்?

நேயர்களுக்கு வணக்கம். திரையில் யார் எந்தப் பக்கம் பார்க்கிறார், எந்தத் திசையில் போகிறார் என்பதற்காகப் படத்தொகுப்பாளர்களாகிய நாங்கள் மாய்ந்து போகிறோமே, பார்க்கிறவர்கள் அதைக் கவனிக்கிறார்களா என்று இந்த வானொலி நிலையத்தார் கேட்டார்கள். பெரும்பாலும் கவனிப்பதில்லை. அந்தப் ‘பெரும்பாலும்’ பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் விதி. இரண்டு பேர் மேசைக்கு இருபுறமும் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். ஒருவர் மூக்கிலிருந்து மற்றவர் மூக்குக்கு ஒரு கயிறு கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமரா கயிற்றுக்கு ஒரே பக்கமாக நிற்க வேண்டும். தாண்டினால், வலப்பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் அடுத்த ஷாட்டில் இடப்பக்கம் பார்ப்பார். தொழிலில் இதை ‘லைன் கிராஸ்’ என்போம். இதற்காகப் படப்பிடிப்பில் காபி ஆறிப்போகும்வரை சண்டை நடக்கும்.

நம் தென்னாப்பிரிக்கக் குழுக்களான சீஃப்ஸும் பைரேட்ஸும் மோதும் கால்பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஆட்டத்தைத் தொடர்ந்து காட்டும் கேமராக்கள் மைதானத்தின் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்ததை மறுபடி காட்டினால், எதிர்க்கோணம் என்று திரையிலேயே எழுதிவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் பைரேட்ஸ் ஆட்டக்காரர் தன் கோலுக்கே பந்தை அடிப்பதுபோலத் தோன்றும்.

ஆனால் காம்ரேட்ஸ் ஓட்டத்தைப் பாருங்கள். 1921 முதல் நடக்கிறது, நம் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள் கேமரா ஓடுகிறவருக்கு வலப்புறம் வந்தால் அவர் திரையில் இடமிருந்து வலமாக ஓடுவார். இடப்புறம் போனால் வலமிருந்து இடமாக. “ஐயோ, இவர் ஏன் வந்த வழியே திரும்புகிறார்?” என்று எந்த வீட்டிலாவது யாராவது பதறியதுண்டா? இல்லை. எல்லாரும் ஒரே ஊருக்குத்தானே போகிறார்கள்! கால்பந்தில் இரண்டு கட்சி. அங்கே திசை தவறினால் கதையே தவறிவிடும்.

இதை ஒரு பாட்டியிடம் நன்றாகப் பார்த்தேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு திருமணம், உறவுக்காரர் வீடு. வீடியோ எடுத்தவர் மேடைக்கு முன்னால் ஒரு கேமரா, மணமக்களுக்குப் பின்னால் ஒரு கேமரா வைத்திருந்தார். பின்னால் எதற்கு? தாலி முடிச்சு பெண்ணின் பிடரியில் அல்லவா விழுகிறது, அது தெரிய வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் முன் கேமராவில் பெண் திரையின் இடப்பக்கம். பின் கேமராவுக்கு வெட்டியதும் வலப்பக்கம். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கிறோம். இளசுகள் யார் அழுதார்கள், யார் புடவை அழகு என்பதிலேயே இருந்தார்கள். பாட்டி மட்டும், “நிறுத்து! தாலி ஏறுவதற்கு முன்னால் பெண்ணை ஏன் இடம் மாற்றினீர்கள்?” என்றார்.

எங்கள் வழக்கப்படி தாலி ஏறும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்புறம், பிறகு இடப்புறம். வேடிக்கை இத்தோடு முடியவில்லை. முடிச்சு விழுந்த பிறகு மணமக்கள் உண்மையாகவே இடம் மாறினார்கள். அதைக் காட்ட மறுபடி முன் கேமரா. இப்போதும் பெண் திரையில் வலப்பக்கமே! மாறாதபோது மாறினாள், மாறியபோது மாறவில்லை. பாட்டி புரோகிதரைத் திட்டத் தொடங்கிவிட்டார். பாவம், அவர் செய்தது எல்லாம் சரி. பின்னாலிருந்து எடுத்ததில் கழுத்தும் முடிச்சும் மட்டும் தெரியும்படி நெருக்கிக் காட்டியிருந்தால் ஒரு வம்பும் வந்திராது. பக்கத்துக்கு அர்த்தம் இருப்பது பாட்டிக்குத் தெரியும், இளசுகளுக்குத் தெரியாது.

அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். எங்கே வெட்டுவது என்று முடிவெடுக்கும்போது உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10. நாங்கள் சண்டை போடும் இந்தக் கோட்டு விவகாரம் 5 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். எனக்கு அவரோடு வழக்கில்லை. ஆனால் அவர் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு தமிழ்ப் படம் பார்த்திருந்தால் அந்த 5ஐக் கொஞ்சம் கூட்டியிருப்பார்.

ஏனென்றால் இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்குத் திரையின் அடியில் ஆங்கில வரி ஓடினால்தான் வசனம் புரிகிறது. கண் கீழே போகிறது, படிக்கிறது, மேலே வருகிறது. அதற்குள் ஷாட் மாறியிருக்கும். அம்மா இடப்பக்கம், மகன் வலப்பக்கம் என்று இருந்த இடத்திலேயே இருந்தால் கண் தேடாமல் போய்ச் சேரும். மாறியிருந்தால் முகத்தைத் தேடுவதிலேயே அடுத்த வரி போய்விடும். வசனத்தைக் காதால் பிடித்துக்கொள்கிற சென்னை ரசிகருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் கவனிப்பதில்லை என்பதை வைத்து விதி வீண் என்று முடிவு கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டுகிறார்கள். வேண்டுமென்றே கோட்டைத் தாண்டியவர்களைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். ஜப்பானிய இயக்குநர் ஓசு படத்துக்குப் படம் தாண்டினார். ஜான் ஃபோர்டு 1939இல் எடுத்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் பயணிகள் வண்டியைக் குதிரைகளில் துரத்தும் காட்சியிலேயே திசை மாறும். ஆனால் வண்டி ஒன்றுதான், துரத்துகிறவர்கள் யார் என்பதும் தெரியும். அதனால் நம் காம்ரேட்ஸ் ஓட்டம்போல அதுவும் தப்பித்தது. ஓசு தப்பித்த விதம் வேறு, அதற்குத் தனியாக நேரம் வேண்டும். நிலையத்தார் மறுபடி அழைத்தால் வருகிறேன். வணக்கம்.