மரை தப்பினால் முதலில் வயரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கோவையில் கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ ஒரு பட்டறை. சிஎன்சி லேத்தில் பம்பு ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. முனையில் 16 மில்லி மரை, பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) 2 மில்லி. முதல் இரண்டு வெட்டும் சுத்தமாக விழுகின்றன. மூன்றாவது வெட்டு பள்ளத்தை விட்டுவிட்டு மேட்டில் ஏறுகிறது. உடனே தீர்ப்பு வந்துவிடும்: "என்கோடர் போயிடுச்சுங்க." ஸ்பிண்டில், அதாவது ஷாஃப்டைப் பிடித்துச் சுற்றும் தண்டு, எவ்வளவு சுற்றியது என்று மெஷினுக்குச் சொல்லும் சென்சார்தான் என்கோடர். புது என்கோடர் வாங்கி மாட்டுவார்கள். மறுநாளும் மரை தப்பும். என்கோடரைக் குறை சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வயரில்தான் இருக்கும்.

ஸ்பிண்டில் என்கோடர் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 1024 பல்ஸ் கொடுக்கும். ஏ, பி என்ற இரண்டு சிக்னலின் ஏற்ற இறக்கங்களையும் கன்ட்ரோல் சேர்த்து எண்ணுவதால் அது 4096 ஆகிவிடும். இசட் என்ற மூன்றாவது சிக்னல் சுற்றுக்கு ஒரே தடவை வரும். ஒவ்வொரு மரை வெட்டும் ஒரே இடத்தில் தொடங்குவது அந்த இசட்டை வைத்துத்தான். ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு எதிர்ச் சிக்னல் உண்டு: ஏ பார், பி பார், இசட் பார். ஆக ஆறு சிக்னல் வயர், அதோடு 5 வோல்ட், 0 வோல்ட், ஷீல்டு (வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உறை).

எது கெட்டிருக்கிறது என்பதை மெஷினே சொல்லும். இசட் வராவிட்டால் ஆர்பிஎம் சரியாகவே காட்டும், ஆனால் புரோகிராமில் மரை வெட்டும் வரிக்கு வந்ததும் டூல் அசையாமல் நின்றுவிடும். எம்19 (ஸ்பிண்டிலைக் குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்தும் கட்டளை) கொடுத்தால் ஸ்பிண்டில் நிற்க இடம் தெரியாமல் சுற்றும். ஏ அல்லது பி விட்டுவிட்டு வந்தால் ஆர்பிஎம் தள்ளாடும். எம்டிஐயில் (கட்டளையைக் கையால் அடித்து ஓட்டும் முறை) 500 ஆர்பிஎம் கொடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று எண் ஆடுவது சகஜம். 460க்கும் 530க்கும் தாவினால் சகஜம் அல்ல. ஃபேனக் கம்பெனி ஸ்பிண்டில் ஆம்ப்ளிஃபையரில் அலாரம் 27 வந்தால் பொசிஷன் கோடர் (ஸ்பிண்டில் என்கோடர்தான்) வயர் துண்டிப்பு. 41, 42 என்றால் இசட் பக்கம் கோளாறு.

இனி மீட்டரை எடுக்கலாம். முதலில் சப்ளை. அளக்க வேண்டிய இடம் பேனல் அல்ல, என்கோடர் முனை. 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேனலில் 5.0 காட்டி என்கோடரில் 4.6 காட்டினால் குற்றவாளி வயர்தான். கணக்கு எளிது: 0.2 சதுர மில்லி செம்புக் கம்பி 10 மீட்டருக்கு ஏறக்குறைய 0.9 ஓம். போகவும் வரவும் 1.8 ஓம். 200 மில்லி ஆம்பியர் ஓடினால் 0.36 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். அதனால்தான் நல்ல கேபிளில் 5 வோல்ட்டுக்கும் 0 வோல்ட்டுக்கும் இரண்டிரண்டு வயர் போட்டிருப்பார்கள். ரிப்பேர் செய்தவர் "ஒண்ணு போதும்" என்று மற்றதை வெட்டிவிட்டிருந்தால் கதை அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது வயர். மெயினை அணைத்து, இரண்டு பக்கக் கனெக்டரையும் கழற்றி, 200 ஓம் ரேஞ்சில் ஒவ்வொன்றாக அளந்து எழுதி வையுங்கள். பஸ்ஸர் சத்தத்தை நம்பாதீர்கள். இரண்டு நரம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற வயருக்கும் அது கூவும். எல்லாம் 1 ஓம் அளவில் இருக்க, ஒன்று மட்டும் 4 காட்டினால் அதுதான் ஆள். அளந்துகொண்டே கிளாண்டு (கேபிள் உள்ளே நுழையும் பிடிப்பு) பக்கம் கேபிளை வளைத்துப் பாருங்கள். விஎம்சியாக (செங்குத்து மெஷினிங் சென்டர்) இருந்தால் கேபிளைத் தாங்கி நகரும் டிராக் செயின் வளைவில்தான் நரம்பு அறும். ஒன்று முக்கியம்: என்கோடர் மாட்டியிருக்கும்போது மெக்கர் (அதிக வோல்ட்டில் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைக்காதீர்கள். 500 வோல்ட்டில் நல்ல என்கோடரும் செத்துப்போகும்.

சிக்னலைக் கைக்கு அடக்கமான மீட்டரிலேயே பார்க்கலாம். கனெக்டரைத் திரும்ப மாட்டி, என்கோடருக்குச் சப்ளை வந்த நிலையில், ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றும்போது ஏ-க்கும் ஏ பாருக்கும் நடுவில் பிளஸ், மைனஸ் மாறிமாறி வர வேண்டும். ஒன்றிலேயே உறைந்து நின்றால் அந்த ஜோடியில் வில்லங்கம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மரை தப்புகிறதா? அப்போது ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடுங்கள். கேபிளுக்குள் ஏ-யும் ஏ பாரும் ஒரே முறுக்கில் போகும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டையும் ஒரே மாதிரி தாக்குவதால் டிரைவ் அதைக் கழித்துவிடும். ஒட்டும்போது ஏ-யை பி-யோடு ஒரு முறுக்கிலும் பார்களை இன்னொன்றிலும் போட்டிருந்தால் கன்டின்யூட்டி பிசகாது, ஆனால் இரைச்சல் உள்ளே வந்துவிடும். மீட்டர் பாஸ் போட்டும் மெஷின் ஃபெயில் ஆவது இப்படித்தான். ஸ்பிண்டிலை நிறுத்தி டிரைவை ஆன் செய்து கன்ட்ரோல் திரையின் டயக்னாசிஸ் பக்கத்தில் என்கோடர் கவுன்ட்டைப் பாருங்கள். நின்ற ஸ்பிண்டிலுக்குக் கவுன்ட் ஓடக் கூடாது. ஓடினால் ஷீல்டு பேனலில் கிளாம்பில் கடிபட்டிருக்கிறதா, மோட்டார் கேபிள் 10 சென்டிமீட்டராவது தள்ளிப் போகிறதா என்று பாருங்கள். குறுக்கே போக வேண்டுமென்றால் செங்குத்தாகப் போகட்டும்.

நம்ம ஊர்ப் பட்டறைகளுக்கே உரிய சங்கதி ஒன்று உண்டு: வார்ப்பிரும்புத் தூள். பம்பு பாடியைக் கூலன்ட் இல்லாமல் வெட்டுவதால் பறக்கும் அந்தக் கருந்தூளில் கிராஃபைட் இருக்கும், மின்சாரம் கடத்தும். கனெக்டர் பின்களுக்கு நடுவே படிந்து, அதில் கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால் ஏ-யும் பி-யும் கலக்கும். ஏர் கன்னை வைத்து ஊதினால் தூள் இன்னும் உள்ளே போகும். பிரஷ்ஷால் தட்டி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். கேபிள் கனெக்டருக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு வளைந்து வரட்டும். வழியும் கூலன்ட் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

ஏ, ஏ பார் இடம் மாறிவிட்டால் திசை தலைகீழாகத் தெரியும். சரிசெய்ய ஒரு ஜோடியை மட்டும் மாற்றுங்கள். இரண்டு ஜோடியையும் மாற்றினால் பழைய கோளாறே திரும்ப வரும்!

வயர், கனெக்டர், என்கோடரைச் சுற்றும் பெல்ட்டின் பல் எல்லாம் பார்த்த பிறகும் கோளாறு நீடித்தால் என்கோடரை மாற்றுங்கள். மாற்றும்போது இசட் நிற்கும் கோணமும் மாறிவிடும். டூல் சேஞ்சர் உள்ள மெஷினில் எம்19 கொடுத்து, ஸ்பிண்டில் கீ முன்பு நின்ற இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்த்து, கோணத்தைப் பாராமீட்டரில் திருத்துங்கள். அதுவரை டூல் மாற்றும் ஆர்மை ஆட்டோவில் விட வேண்டாம்.