சீராக வளராத விண்மீன்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி, தை மாதங்களின் முன்னிரவில் திருவாதிரையையும், அதன் அருகே நெருங்கி நிற்கும் மிருகசீரிடத்தின் மூன்று மங்கலான விண்மீன்களையும் காட்டத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவை இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில், வெறும் கண்ணுக்குத் தெரியாத விண்மீன் ஒன்று இருக்கிறது. பெயர் எஃப் யூ ஓரியோனிஸ். பெயரில் அழகு ஒன்றும் இல்லை, ஆனால் செய்த காரியம் பெரிது. 1936, 37ஆம் ஆண்டுகளில், சில மாதங்களுக்குள் அதன் ஒளி நூறு மடங்குக்கும் மேல் பெருகியது. ஜெர்மனியின் ஹாம்பர்க் வானாய்வகத்தைச் சேர்ந்த ஆர்னோ வாக்மன் 1939இல் இதை அறிவித்தார். முதலில் இதை ஒரு நோவா, அதாவது திடீரெனப் பளிச்சிட்டு மங்கும் விண்மீன் என்றுதான் நினைத்தார்கள். நோவா என்றால் விரைவில் அடங்கிவிட வேண்டும். இதுவோ தொண்ணூறு ஆண்டுகள் நெருங்கியும் கொஞ்சம்தான் மங்கியிருக்கிறது.

அங்கே எரிவது அந்த விண்மீன் மட்டும் அல்ல. அதன் மேல் விழுந்துகொண்டிருக்கும் வாயுதான் பெரும்பாலான ஒளிக்குக் காரணம்.

விண்மீன்கள் குளிர்ந்த வாயு மேகங்களில் பிறக்கின்றன. மேகம் தன் எடையாலேயே சுருங்குகிறது. ஆனால் எந்த மேகத்துக்கும் சிறிதளவு சுழற்சி உண்டு. சுருங்கச் சுருங்க அது வேகமெடுப்பதால், வாயு நேராக மையத்தில் போய் விழ முடியாமல் தட்டையான வட்டாகச் சுற்றத் தொடங்குகிறது. சுழற்சியின் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிட்டால்தான் ஓர் அடியாவது உள்ளே நகர முடியும். காந்தப்புலமும் வட்டிலிருந்து கிளம்பும் காற்றும் இந்த வேலையைச் செய்கின்றன என்று கருதுகிறார்கள். எது எவ்வளவு என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

கடைசிக் கட்டம் இன்னும் விசித்திரமானது. டாரஸ் என்னும் ரிஷப விண்மீன் மண்டலத்தில், ரோகிணிக்குப் பக்கத்தில் டி டாரி என்ற இளம் விண்மீன் இருக்கிறது. அதன் வகையைச் சேர்ந்தவற்றில் வட்டு விண்மீனைத் தொடுவதே இல்லை. விண்மீனின் வலுவான காந்தப்புலம் சில ஆரங்களுக்கு அப்பாலேயே வட்டைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. அங்கிருந்து வாயு காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு வளைந்து ஏறி, நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் மேற்பரப்பில் வந்து மோதுகிறது. மோதிய இடம் சூடேறி, புறஊதா ஒளியில் பளிச்சிடுகிறது.

அந்தச் சூட்டுப் புள்ளியின் உள் அமைப்பையே இப்போது பார்த்துவிட்டார்கள். ஜி எம் ஆரிகே என்ற இளம் விண்மீனின் சுழற்சியோடு அதன் புள்ளியும் நம்மை நோக்கித் திரும்புகிறது. அதன் புறஊதா ஒளி உச்சத்தைத் தொட்டு ஏறக்குறைய ஒரு நாள் கழித்தே, கண்ணுக்குத் தெரியும் ஒளி உச்சத்தைத் தொட்டது என்று 2021இல் கண்டறிந்தார்கள். புள்ளி எங்கும் ஒரே அடர்த்தியாக இருந்தால் இரண்டும் ஒன்றாகவே உச்சத்துக்கு வந்திருக்கும். அடர்ந்த நடுப்பகுதி முதலிலும், அடர்த்தி குறைந்த ஓரம் பிறகும் நம் பக்கம் திரும்பியதால் வந்த தாமதம் இது. பல நூறு ஒளியாண்டுத் தொலைவில் வெறும் புள்ளியாகத் தெரியும் ஒன்றின் மேல் வாயு எப்படி விழுந்தது என்பதைக் கடிகாரத்தை வைத்தே படித்துவிட்டார்கள். எனக்கு இதைவிட அழகான அளவீடு இந்தத் துறையில் தெரியாது.

இப்படி அமைதியாக வளரும் விண்மீன் ஒன்று, ஆண்டுக்கு நம் நிலவின் எடையில் ஏறக்குறைய கால் பங்கைச் சேர்த்துக்கொள்ளும். எஃப் யூ ஓரியோனிஸில் விழுவதோ ஆண்டுக்குப் பத்துப் பூமிகள் என்ற கணக்கில். வட்டு அங்கே விண்மீனையே நெருக்கிவிட்டது. இரண்டும் உரசும் இடத்தில் வெப்பம் 16,000 கெல்வின் என்று ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டு செய்து 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பழைய கணிப்பு மாதிரிகள் சொன்னதைவிட இது ஏறக்குறைய இரு மடங்கு.

ஏன் இந்தத் திடீர் வெள்ளம்? 1990இல் வானியலாளர் ஸ்காட் கென்யனும் அவருடைய குழுவினரும் டாரஸ் பகுதியின் இளம் விண்மீன்களை ஆராய்ந்தபோது கணக்கு உதைத்தது. வாயு சீராக விழுந்தால் அவை இன்னும் பல மடங்கு பிரகாசமாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ஆகவே அவை பெரும்பாலான காலம் குறைவாகவும், அவ்வப்போது ஒரேயடியாகவும் எடை சேர்க்கின்றன என்ற கருத்து வலுப்பெற்றது. கண்மாய் மெல்ல நிரம்பி, ஒரு நாள் கலுங்கில் பாய்வது போலத்தான். வட்டின் உட்பகுதியில் வாயு தேங்கித் தேங்கிச் சில ஆயிரம் டிகிரி வரை சூடேறும்போது, ஹைட்ரஜன் அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கின்றன. அப்போது வாயு ஒளியை ஊடுருவ விடாது. வெப்பம் உள்ளேயே சிறைப்பட, சூடு மேலும் கூடி வாயு இன்னும் வேகமாக உள்நோக்கிப் பாய்கிறது. துணை விண்மீன் ஒன்றின் இழுப்பும் வட்டைக் கலக்கலாம் என்பார் உண்டு. எஃப் யூ ஓரியோனிஸுக்குத் துணை இருப்பதும் உண்மைதான்.

இந்த வெள்ளம் கோள்களையும் விடுவதில்லை. வி 883 ஓரியோனிஸ் என்ற இன்னொரு இளம் விண்மீனும் இப்படிக் கொந்தளித்துக்கொண்டிருக்கிறது. சூரியனைப் போன்ற இளம் விண்மீனைச் சுற்றி, சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவைப் போல மூன்று மடங்கு தொலைவிலேயே நீர் பனியாக உறைந்துவிடும். இங்கோ அந்த எல்லை சுமார் 40 மடங்குத் தொலைவுக்குத் தள்ளப்பட்டிருப்பதை, சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கிகளைக் கொண்டு 2016இல் கண்டார்கள். நம் சூரியக் குடும்பத்தில் அது புளூட்டோ சுற்றும் தொலைவு. பனி இருந்தால்தான் தூசித் துகள்கள் எளிதில் ஒட்டிப் பெரிதாகும் என்பதால், அந்த விண்மீனைச் சுற்றி எந்தக் கோள் எங்கே உருவாகும் என்ற கணக்கையே இந்தக் கொந்தளிப்பு மாற்றி எழுதக்கூடும்.